பங்காளி ஏன் குடிக்கிறான்

நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டாகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் உத்தமர்கள். ஒருவன் உதட்டில்கூடச் சாராயம் ஒரு சொட்டுப் பட்டதில்லையாம். விடுதிக் கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் சாராயக் கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் வேலியில் சாத்தியிருக்கும் சைக்கிள்களில் பாதி கல்லூரிப் பையன்களுடையவை. சைக்கிள்கள் தாமாகவே உருண்டு போய்க் குடித்துவிட்டு வந்தனவாக்கும் என்று சௌந்திரம் பல்லைக் கடித்தாள். சேலத்தில் அந்தக் கல்லூரி விடுதியின் பார்வையாளர் அறையில், ஒரு கால் ஆடுகிற மேசைக்கு முன்னால் அவள் உட்கார ஆரம்பித்து அன்றோடு பன்னிரண்டு நாள். 1984ஆம் வருடத்துத் தை மாதம் அது.

அவள் வேலை இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, கல்லூரியில் படிக்கிற பையன்கள் ஏன் குடிக்கிறார்கள் என்பதை ஏழு நாடுகளில் ஒரே கேள்வித்தாளை வைத்து அளக்கக் கிளம்பியிருந்தது. அளப்பதற்கு அதன் கையில் சேலமும் அகப்பட்டுக்கொண்டது. சென்னையில் இருந்த பேராசிரியர் வெங்கடாசலம் அந்தத் தாளைத் தமிழில் எழுதிக் கட்டுக்கட்டாக அனுப்பினார். ‘விருந்துகளில் உற்சாகம் கூடுவதற்காக மது அருந்துகிறீர்களா?’, ‘அந்தக் கிறக்கம் பிடித்திருப்பதால் அருந்துகிறீர்களா?’, ‘மனக்கவலையை மறப்பதற்காகவா?’, ‘நண்பர்கள் உங்களை ஒதுக்கிவிடாமல் இருப்பதற்காகவா?’ இப்படி இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் போட வேண்டும்; ஒன்று என்றால் ‘இல்லவே இல்லை’, ஐந்து என்றால் ‘எப்போதும்’. இருபது கேள்வியும் கடைசியில் கொண்டாட்டம், கிறக்கம், கவலை, கட்டாயம் என்று நாலு காரணத்துக்குள் போய் அடங்கிவிடும். உலகத்தில் எவன் குடித்தாலும் இந்த நாலில் ஒன்றுக்காகத்தான் குடித்தாக வேண்டும். விருந்தாம்! மோகனூர்ப் பக்கம் விருந்து என்றால் தலைவாழை இலை போட்டுப் பாயசம் ஊற்றுவார்கள். அதில் என்ன உற்சாகம் கூடும், தூக்கம்தான் வரும்.

மோகனூருக்குப் பக்கத்தில்தான் அவள் ஊர். அப்பா சின்னண்ணனுக்கு நாலு ஏக்கர் கரும்பு, இரண்டு எருமை, ஒரு மகள், ஒரு மகன். இதில் மகன் மயில்சாமியை மட்டும்தான் அவர் எப்போதும் முழு உருப்படியாக மதித்தார். சௌந்திரம் நாமக்கல் பெண்கள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்து கணக்குப் படித்தாள். முதல் வகுப்பு. எண்பத்தொன்றில் மேல்படிப்புக்குச் சென்னையில் புள்ளியியலுக்கு விண்ணப்பம் போட்டாள். பதில் வரவில்லை. ஆடி முடிந்து ஆவணி பாதிவரைக்கும் காட்டு வேலை இல்லாத நாளெல்லாம் பதினொரு மணிக்கு ரோட்டோரம் போய் நின்று தபால்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். மெட்ராசில் எத்தனை புத்திசாலிகள் இருப்பார்கள், நம்மை யார் சீண்டுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கேயும் விண்ணப்பம் போடவில்லை. தான் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டாள். மூன்று வருடம் அப்படி நினைத்துக்கொண்டே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள், கரும்புக்குத் தண்ணீர் கட்டினாள்.

அந்த வருடமே மயில்சாமி சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தான். இப்போது மூன்றாம் வருடம். எழுதிய பேப்பர்களில் பாதிக்குமேல் அரியர். சௌந்திரத்துக்குப் பழைய கல்லூரி ஆசிரியை ஒருவர் சிபாரிசில் இந்த வேலை கிடைத்தபோது, தம்பி இருக்கிற விடுதிதானே, அத்தை பாவாயி வீடும் சூரமங்கலத்தில்தானே என்று சின்னண்ணன் சம்மதித்தார். அக்காவைக் கண்டாலே மயில்சாமி பின்கட்டு வழியாக நழுவிவிடுவான். கேள்வித்தாளோடு அலைகிற அக்காவால் மானம் போகிறது போலிருக்கிறது, போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் அனுப்பிய வாரத்தில் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. மற்ற நாடுகளில் நூற்றுக்கு எழுபது பேராவது ஒப்புக்கொள்கிறார்களாம். இவள் அனுப்பியது நம்பும்படியாக இல்லையாம். ‘பையன்களின் தோற்றம், பழக்கவழக்கங்களை வைத்து நீயே ஒரு மதிப்பீடு போட்டு எண்களை நிரப்பிவிடலாம்’ என்று முடித்திருந்தார். சௌந்திரத்துக்கு உச்சந்தலை சூடேறியது. மூக்கையும் முழியையும் பார்த்து எவன் கவலைக்குக் குடிக்கிறான், எவன் கொண்டாட்டத்துக்குக் குடிக்கிறான் என்று போட அவள் என்ன குறிகாரியா?

அதே வாரம்தான் சின்னண்ணனும் வந்து இறங்கினார். மயில்சாமி நட்டநடுப் பகலில் விடுதி வாசலில் குடித்துவிட்டு விழுந்துகிடந்ததாக வார்டன் கடிதம் போட்டிருந்தார். பாவாயி வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சத்தம் போட்டார்.

“ஊரான் பையனெல்லாம் ஏன் குடிக்கறான்னு கேட்டுட்டுத் திரியறயே அம்மிணி, நம்ம பையன் ஏன் குடிக்கறான்னு கேட்டியா? அவனுக்கு நான் என்ன கொறை வெச்சேன்?”

“என்னயக் கண்டா அவன் அந்தப் பக்கமா ஓடறானுங்க.”

“எவனோ கெடுத்திருக்கறான். எவன்னு கண்டுபுடிச்சு எனக்குச் சொல்லோணும். தோலை உரிச்சுப்போடறேன்.”

அவள் சரிங்க என்றாள். உள்ளே கொதித்தது. மகன் குடித்தான் என்றதும் நாற்பது மைல் பஸ் ஏறி வருகிற மனிதர், மகள் பின்கட்டில் உட்கார்ந்து அழுத நாளில் நாலு எட்டு வைத்து வந்து என்ன என்று கேட்டதில்லை. தனக்குக் கிடைக்காத படிப்பு தம்பிக்குக் கிடைத்தது, அதை அவன் சாராயத்தில் கரைத்துக்கொண்டிருக்கிறான். அப்பா தோலை உரிக்கும் முன்னால் தானே இரண்டு அறை வைக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காளியப்பன் என்று ஒரு வாய்க்காரப் பையன் வந்தான். தாளை வாங்கி எல்லாவற்றுக்கும் ஒன்று ஒன்று ஒன்று என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க்கா. ஆனா என்ற பங்காளி ஒருத்தன் இருக்கறானுங்க, மூக்கு முட்டக் குடிப்பான். வேணும்னா அவனப் பத்திச் சொல்றனுங்க.”

“சொல்லு பாப்போம்” என்றாள் அவள். அரை மணி நேரம் நிறுத்தாமல் சொன்னான். சௌந்திரம் எழுதுவதை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண்பிள்ளை முன்னால் நின்று ‘நான் குடிக்கிறேன்’ என்று சொல்ல இந்தப் பக்கத்துப் பையனுக்கு நாக்கு எழாது. காகிதத்தில் எழுதச் சொன்னாலும் கை எழாது. ஆனால் பங்காளியைப் பற்றிச் சொல் என்று கேட்டுப் பாருங்கள். பெரியப்பன் மகன், சித்தப்பன் மகன், ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பவன், ஒரே வரப்பை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் சுரண்டுகிறவன். பங்காளியின் குறையைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை எங்கள் பக்கத்து மனிதன் சாகக் கிடக்கும்போதும் விடமாட்டான். ஏழு நாட்டு மேதைகளுக்கும் இது தெரியவில்லை, காளியப்பனுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் புது ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுத்தாள். ‘நீங்கள்’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘உங்கள் பங்காளி’. கடைசியில் அரைப் பக்கம் வெறுமையாக விட்டு, ‘வேறு காரணம் இருந்தால் எழுதவும்’ என்று போட்டாள். பாவாயி வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து, மூடியில் கீறல் போட்டுப் பூட்டினாள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “பேர் எழுத வேண்டாம். நீங்க எழுதறத வார்டனுக்கும் காட்ட மாட்டேன், உங்கப்பனுக்கும் காட்ட மாட்டேன், எங்கப்பனுக்கும் காட்ட மாட்டேன். இது சத்தியம்.” பையன்கள் சிரித்தார்கள்.

இரண்டு வாரத்தில் முந்நூற்றுப் பதினாறு தாள்கள். அரைப் பக்கம் போதாமல் தனித்தாள் செருகி எழுதியிருந்தார்கள். பங்காளி எந்தக் கடையில், யாரோடு, எத்தனை கிளாஸ் என்பது மட்டுமில்லை, குடித்துவிட்டுப் படுத்தபின் என்ன கனவு கண்டான் என்பதுவரை இருந்தது. பங்காளியின் கனவு இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க அவளுக்கு ஒன்றும் பைத்தியமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாவாயி வீட்டுக் கூடத்தில் தாள்களைப் பிரித்துப் பரப்பியிருந்தாள். ஒரு தாளில் இருபது கேள்விக்கும் ‘இல்லவே இல்லை’ என்று ஒன்று போட்டிருந்தது. கீழே நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. சிலேட்டில் கைபிடித்து எழுத வைத்த கையெழுத்து அது.

‘என் பங்காளிக்குப் படிப்பு ஏறாது. அவன் அக்காவுக்குத்தான் ஏறும். எண்பத்தொன்றில் ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு அவன் ஊட்டுக்குப் போனான். நோம்பி முடிஞ்ச மறுநாளைக்கு மறுநாள், அம்மாவும் அக்காவும் கரும்புச் சோகை உரிக்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். தபால்காரர் ஒரு கவர் குடுத்தார். அக்கா பேருக்கு வந்தது. இங்கிலீஷ். அவன் அப்பா பிரிச்சு, படிச்சுச் சொல்றா காலேஜுக்காரா என்றார். அவனுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனா அந்த லெட்டர் புரிஞ்சுது. அக்காவுக்கு மெட்ராசில் சீட்டுக் கிடைச்சிருக்கு, ஆகஸ்டு பதினாலுக்குள்ளே வந்து சேரோணும்னு இருந்துது. சொன்னான். அப்பா அதை வாங்கி அடுப்பில் போட்டார். ரெண்டு பேரை என்னால படிக்க வெக்க முடியாது, நீ ஆம்பளை, நீ படி, அவகிட்ட மூச்சு உடக் கூடாதுன்னு குலசாமி மேலே சத்தியம் வாங்கினார். மத்தியானம் அக்கா கையெல்லாம் கீறலோட காட்டிலிருந்து வந்து அவனுக்குச் சோறு போட்டா. இப்பவும் பரீட்சைக் கேள்வித்தாளை இங்கிலீஷில் பாத்தா அவனுக்கு அந்த லெட்டர்தான் தெரியுது. குடிச்சாத் தெரியறதில்லை. அவன் அக்கா இதை எண்ணும்போது எந்தக் காரணத்தில் சேர்ப்பாளோ அவனுக்குத் தெரியலை.’

சௌந்திரம் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்து தெரியவில்லை. அழுகைதான், ஆனால் துக்கத்தால் வந்த அழுகையில்லை. மூன்று வருடம்! மூன்று வருடமாகத் தன்னை முட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டும்போதுகூட, இதுக்கு மேலே நமக்கு வராது என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. கடிதத்தை அடுப்பில் போட்டு அந்தக் குரலைக் கிளப்பிவிட்டவர் அப்பா. அவரைக் கேட்காமல் விடுவதில்லை என்று அப்போதே பஸ்ஸுக்கு எழுந்தாள். வாசல்படிவரை போனவளுக்குத் தன் வாயால் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கப்பனுக்கும் காட்ட மாட்டேன், இது சத்தியம். சிரிப்புக்குச் சொன்ன வார்த்தை. இருந்தாலும் முந்நூற்றுப் பதினாறு பேர் அந்த வார்த்தையை நம்பித்தான் எழுதினார்கள். அதில் ஒருவன் தன் தம்பி என்பதற்காக அதை மீற முடியாது.

திரும்பி வந்து உட்கார்ந்து, பல்கலைக்கழகத்துப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள். எண்பத்தொன்றாம் வருடத்து விண்ணப்பம் என்ன ஆனது என்று அறிய விரும்புகிறேன். அவ்வளவுதான்.

பிறகு எல்லாத் தாளையும் முதலிலிருந்து படித்தாள். இப்போதுதான் கண்ணில் பட்டது. அண்ணன் அண்ணியை அடிப்பதைப் பார்த்தவன், அப்பனுக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு குடும்பம் இருப்பதை அறிந்தவன், தங்கை கிணற்றில் விழுந்த உண்மைக் காரணம் தெரிந்தவன். வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று வாயைக் கட்டிவைத்த பையன்கள், நாற்பத்தொரு பேர். குடித்தால் மனிதன் வாயைத் திறப்பான் என்று வெளிநாட்டுத் தாள் நினைத்தது. இங்கே நாற்பத்தொரு பேர் வாயை மூடிவைக்கக் குடித்தார்கள். நாலு கட்டத்துக்குப் பக்கத்தில் அவள் ஐந்தாவது கட்டம் ஒன்றைக் கோடு போட்டு, ‘சொல்லக் கூடாததைச் சொல்லாமல் இருக்க’ என்று எழுதினாள்.

பேராசிரியர் தாள்களை வாங்கிப்போக மாசிக் கடைசியில் நேரில் வந்தார். பங்காளியைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

“கேள்வியை மாத்த உனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது? எல்லா நாட்டிலும் ஒரே கேள்வியாக இருந்தால்தானே ஒப்பிட முடியும்?”

“ஒரே கேள்வியக் கேட்டு எல்லாருகிட்டயும் பொய்ய வாங்கி ஒப்பிடறதுக்குங்களா சார்?”

“அது போகட்டும். இதென்ன ஐந்தாவது காரணம்? இந்த நாற்பத்தொன்றையும் கவலையில் சேர்த்துவிடு. ஏழு நாட்டிலும் நாலே காரணம்தான்.”

“அப்ப எங்க சேலத்த எட்டாவது நாடாப் போட்டுக்கங்க சார். கவலை வேற, இது வேற. கவலைய நாலு பேருகிட்டச் சொல்லி அழலாம். இத அழவும் முடியாது.”

அவர் பேனாவை எடுத்து ஐந்தாவது கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு, நாற்பத்தொன்றையும் மூன்றாவதில் கூட்டினார். அவள் கண் முன்னாலேயே கூட்டினார். பையன்கள் மூன்று வருடம், நாலு வருடம் நெஞ்சில் வைத்துப் புழுங்கியது ஒரு கூட்டல் குறியில் மறைந்துபோனது. சௌந்திரம் எழுந்து கொண்டாள். அடுத்த மாதம் தொடர்ந்து வர வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு முன்னால் தானே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பதிவாளரின் பதில் பங்குனியில் வந்தது. மூன்று வரி. 1981 சேர்க்கைப் பட்டியலில் அவள் நாலாவதாகத் தேர்வானாள். குறித்த தேதிக்குள் வந்து சேராததால் இடம் அடுத்தவருக்குத் தரப்பட்டது. நாலாவது! அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நேரே விடுதிக்குப் போனாள். “ஊட்டுக்குக் கெளம்பு” என்றாள். மயில்சாமி முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்காமல் வந்தான். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

சின்னண்ணன் மோட்டார் கொட்டகையிலிருந்து கைகாலைக் கழுவிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக, “கண்டுபுடிச்சியா? எவன் கெடுத்ததாம்?” என்றார். அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் மகனிடம் கொடுத்து, “என்னன்னு படிச்சுச் சொல்றா” என்றார்.

மயில்சாமி படித்தான். “அக்கா எம்பத்தொண்ணுல நாலாவது ஆளாத் தேர்வாயிருக்குதுங்க. போய்ச் சேராததுனால சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாமுங்க.”

சமையலறையிலிருந்து அம்மா அத்தாயி கரண்டியோடு வெளியே வந்தாள். “ஏனுங்க, கடுதாசியே வரலீன்னு சொன்னீங்க?” என்றாள். சின்னண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

“எவன் சொன்னான் உனக்கு?” என்று மகளிடம் கேட்டார்.

“யாரும் சொல்லலீங்க. நானே எழுதிக் கேட்டனுங்க.”

“மூணு வருசத்துக்கு முந்தினதுக்கு இப்ப என்ன? பொம்பளப்புள்ளய மெட்ராசுல உட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?”

“இப்ப எவன் கட்டியிருக்கானுங்க?” என்றாள் சௌந்திரம். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. “எனக்குப் படிப்பு வராதுன்னு நானே நம்பிட்டேனுங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா நீங்க சொல்லியிருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன், தோத்திருப்பேன், அது வேற. என்ற மேல எனக்கே நம்பிக்கை இல்லாமப் பண்ணிட்டீங்களே! இந்த வருசம் மறுபடியும் போடறேன். பதிலு அத்தை ஊட்டு விலாசத்துக்கு வரும்.”

சின்னண்ணன் மகன் பக்கம் திரும்பினார். “நீதான்டா சொன்ன” என்று கையை ஓங்கினார். சௌந்திரம் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மயில்சாமியே ஒரு எட்டு முன்னால் வந்தான்.

“ஆமாங்க. நான்தான் எழுதிக் குடுத்தேன். எவனும் என்னக் கெடுக்கலீங்க. அன்னைக்கு அந்த லெட்டரப் படிச்சதுலிருந்துதான் குடிக்கறேன். இனிமேக் காலேஜுக்குப் போகலீங்க, திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டிக்கு வேலைக்குப் போறேன்.”

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. சின்னண்ணன் கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

மயில்சாமி அக்காவின் பக்கம் திரும்பினான். மூன்று வருடத்துப் பாரம் இறங்கிய முகம். நல்ல காரியம் செய்துவிட்டோம், அக்கா தலையைத் தடவிக் கொடுப்பாள் என்று எதிர்பார்க்கிற முகம். அதைப் பார்த்ததும்தான் சௌந்திரத்துக்கு அப்பாவின் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது.

“அந்த லெட்டரு எரிஞ்சப்பறம் கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு” என்றாள். குரல் இறங்கித்தான் இருந்தது. “உன்ற ஹாஸ்டல்லிருந்து சாராயக் கடைக்குப் போற வழியில தபாலாபீசு இருக்குது. அதத் தாண்டித்தான் தெனமும் போயிருக்கற. பதினஞ்சு பைசாக் கார்டு ஒண்ணு, பேர்கூடப் போட வேண்டாம், உனக்குச் சீட்டு வந்திருக்குதுன்னு ஒரு வரி போட்டிருந்தாப் போதுமே சாமி. ஏன்டா போடல?”

மயில்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். அத்தாயி ஓடிவந்து அவனைத் தாங்கினாள். சௌந்திரம் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள்.